பின் பெஞ்சில் ஓர் இடம்

பாதிரியாரம்மா கட்டிலின் மேல் விரித்துப் போட்ட அங்கிக்குள் மூன்று பேர் தாராளமாகப் புகுந்துகொள்ளலாம். சாம்பல் நிறத் துணி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வீச்சாக இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது என்பதை எந்த இடத்திலும் ஒப்புக்கொள்ளாத தையல்.

"வியாழக்கிழமை இதப் போட்டுக்கோ ஐசில்டா," என்றாள் பாதிரியாரம்மா. "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கிளம்பற வரைக்கும் கரும்பலகைக்குப் பின்னால நாற்காலி போட்டு உக்காந்துக்கோ. நிக்கவே வேண்டாம்."

ஐசில்டா பார்ன்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவாடைக் கொக்கியோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த அம்மாள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்திருந்தாள். கொக்கி மாட்டவில்லை. இனி மாட்டவும் மாட்டாது.

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை என்னன்னு உனக்குத் தெரியாதா? நீயும் இந்தச் சபையில வளந்தவதானே."

தெரியும். எங்கள் பிமென்டோ மேட்டில் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு தெரிந்துவிட்டால், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால், பார்சன் என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார் அவள் பெயரைச் சபையில் படிப்பார். அவள் தன் இடத்தைவிட்டு எழுந்து, எல்லாரும் பார்க்க நடந்துபோய், வாசல் ஓரத்துப் பின் பெஞ்சில் உட்கார வேண்டும். ரொட்டியும் திராட்சை ரசமும் அந்தப் பெஞ்சு வரை வராது. அவள் ஆசிரியை என்றால் வகுப்பும் போயிற்று. பள்ளிக்கூடம் சபையுடையது, அதன் நிர்வாகியும் பாதிரியார்தான்.

ஆணுக்கும் இதே தண்டனைதான் என்று சபைச் சட்டம் சொல்கிறது. ஆனால் யார் அந்த ஆண் என்று பெண்ணைக் கேட்டால்தானே அவன் பெயரைப் படிக்க முடியும்? ஆகவே யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை எங்கள் ஊரில் நாகரிகம் என்று சொல்வார்கள். அந்தப் பின் பெஞ்சு செய்த நாளிலிருந்து ஓர் ஆணின் பாரத்தைத் தாங்கியதில்லை.

"என்னை இப்பவே அனுப்பிட்டா ஆகாதா?" என்று கேட்டாள் ஐசில்டா. "எதுக்கு வியாழக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கீங்க?"

பாதிரியாரம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சின்னப் பிள்ளைங்க உங்கிட்டதான் வாயத் தொறக்குது. போன வருஷம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல்ல அந்த வகுப்பு மொத்தமும் குப்புற விழுந்துது. இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா பள்ளிக்கூடத்தோட தரத்த எறக்கிடுவாங்க. லின்வாலுக்குத் தலைமை ஆசிரியர் வேலையும் இதை நம்பித்தான் இருக்கு. ஒரு நல்ல பையனோட முன்னேற்றத்துக்கு நீ குறுக்க நிக்கலாமா?"

ஐசில்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த அம்மாளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றுதான் பட்டது. அதனால்தான் அந்த நல்ல பையன் என்ற சொல்லை அவள் அவ்வளவு பதமாகச் சொன்னாள்.

அடுத்த அறையில் பயறு உரிக்கும் சத்தம் இவ்வளவு நேரமும் நின்றிருந்தது. பாதிரியாரம்மா படியிறங்கிப் போன பிறகே மறுபடி தொடங்கியது. தாய் தகப்பன் இல்லாத ஐசில்டா குடியிருந்தது மிஸ் மெர்ட்டிலின் வீட்டில். மெர்ட்டில் சந்தையில் கிழங்கு விற்பவள்; எங்கள் ஊரில் கல்யாணமானவளும் மிஸ்தான். வாயைத் திறந்தால் கூடையோடு சேர்த்து ஆளையும் விற்றுவிடுவாள்.

"கேட்டீங்களா, மிஸ் மெர்ட்டில்?"

"காதுல பயறா வெச்சு அடைச்சிருக்கேன்? கேட்டுது, டீச்சர் புள்ள. வியாழக்கிழமை வரைக்கும் அது பாவமில்ல. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பாவம். ஆண்டவருகூட காலண்டர் பாத்துத்தான் கோவப்படறாரு போல."

ஐசில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிலில் அங்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"வேலை போறதப் பத்திக்கூட இல்ல. அந்த வகுப்பு. அதுங்களை நான் விட்டுட்டுப் போகணும்கறதுதான் தாங்கல."

"எம் பேரயும் ரெண்டு தரம் படிச்சாங்க," என்றாள் மெர்ட்டில், பயறைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டாவது தரம் பார்சன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் போய் உக்காந்துட்டேன். எடம் பழகிப்போச்சு. அப்பறம் கல்யாணம், மோதிரம், முன் பெஞ்சு. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பலகை குளிரு இருக்கே, அது இன்னிக்கும் எம் முதுகுல இருக்கு."

மறுநாள் காலை வகுப்பில் ஐசில்டா எல்லாவற்றையும் மறந்தாள். அந்த அறைக்குள் போனால் அவளுக்கு மறந்துவிடும். அதுதான் அதன் விசேஷம்.

எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுக்குக் காலம் காட்டும் வால் கிடையாது. நேற்று என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் அம்மா சந்தைக்குப் போனாளா போகிறாளா என்பது கேட்பவனுக்கு விளங்கிவிடும். பிறகு எதற்கு வால்? ஆனால் பள்ளிக்கூட இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் வால் உண்டு. வால் ஒட்டும்போது முன்னால் இருக்கும் சொல் சில சமயம் ஓர் எழுத்தை இழக்கும், சில சமயம் ஓர் எழுத்தைக் கூடுதலாக வாங்கும், சில சமயம் கடைசி எழுத்தையே மாற்றிக்கொள்ளும். இவளுக்கு முன்னால் இருந்த ஆசிரியர் இதைத் தோல்வாரால் கற்பித்தார். பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வீட்டில் பேசுவது பேச்சே அல்ல, வாயை மூடிக்கொண்டிருந்தால் அடி விழாது.

ஐசில்டா தோல்வாரை எடுத்து மாங்காய் மூட்டை கட்டக் கொடுத்துவிட்டாள். அட்டைகளில் எழுத்துகளை எழுதிப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டினாள். பிள்ளைகளே எழுத்துகள், வரிசையாக நின்றால் சொல். ஐ, என், ஜி என்ற மூன்று பேரும் வால், எப்போதும் கைகோத்துக்கொண்டு வருவார்கள்.

"பேக்," என்றாள். ரொட்டி சுடுவதற்கான சொல். நாலு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற டெஸ்ரின் என்ற குட்டிப் பெண் 'ஈ'. சத்தமே போடாத எழுத்து. 'ஏ' வுக்கு அதன் முழுக் குரலைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும்.

"வால் வருது, டெஸ்ரின். நீ என்ன பண்ணுவே?"

"நான் வெலகிப் போவேன், டீச்சர். போய் ஜன்னல்கிட்ட உக்காந்து மாம்பழம் தின்னுவேன்."

"ஏன் போறே?"

"என் வேலைய 'ஐ' பாத்துக்கும். ரெண்டு பேரு எதுக்கு? எடஞ்சல்."

வகுப்பு சிரித்தது. டெஸ்ரின் 'ஈ' யாக இருக்க அடம்பிடிப்பதே அந்த மாம்பழத்துக்காகத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ரன்." மூன்று பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். கடைசி 'என்' கழுத்தைத் திருப்பிக் கூவினான். "அண்ணே, வால் வருது, ஓடியா!" கிளென்ராய் இன்னோர் 'என்' அட்டையோடு ஓடி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். இரட்டைப் பிள்ளைகள் கதவைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே இருக்கும் சின்ன 'யு' வை வால் இடித்துத் தள்ளாது. இதுதான் அவர்கள் கதை. கதையின்படி, அண்ணன் வராமல் வால் உள்ளே வரக்கூடாது. அதில் பிள்ளைகள் ரொம்பக் கண்டிப்பு.

இதெல்லாம் ஊர்ப் பேச்சில்தான் நடந்தது. வீட்டில் பேசுகிற வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் எழுதினார்கள். எழுதியது சரியாக இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிய பிறகு லின்வால் வந்தான். மேல் வகுப்புகளின் ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்மோனியம் வாசிப்பவன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கதவைப் பாதி சாத்திவிட்டு, பாதி சாத்தினால் வெளியே என்ன நினைப்பார்களோ என்று மறுபடி திறந்து வைத்தான்.

"அந்த அங்கிய போட்டுக்கோ, ஐசி. ஒரே ஒரு நாள்."

"நீ அனுப்பினியா அதை?"

"நான் எதுவும் சொல்லல. அவங்களே..." தொண்டையைச் செருமினான். "தலைமை ஆசிரியர் வேலை கைக்கு வரட்டும். எல்லாத்தையும் நேர் பண்ணிடறேன். இப்ப நான் வாயத் தொறந்தா ரெண்டு பேரும் தெருவுல நிப்போம்."

"இப்ப நான் மட்டும் நிக்கறேன்."

"கொஞ்ச நாள்தானே?"

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் கொஞ்ச நாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் மனம் குளிரும். இன்று அவன் கை, அவள் தோளைத் தொட வந்து, திறந்த கதவைப் பார்த்து, சட்டைப் பைக்குள் போனது. அவள் அதைப் பார்த்தாள். அவனோடு தனக்கு இருந்த உறவு அங்கேயே முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

"பயப்படாதே, லின்வால். உம் பேர யாரும் எங்கிட்டக் கேக்கமாட்டாங்க."

வியாழக்கிழமை அவள் தன் நீலக் கவுனை இடுப்பில் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். அங்கி மிஸ் மெர்ட்டிலின் கோழிக்கூண்டு மேல் கிடந்தது, மழைக்கு நல்லது என்று.

வாசலில் அவளைப் பார்த்ததும் பாதிரியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வந்த கார் அதற்குள் மேடேறிவிட்டது. வேறு வழியில்லாமல் அவரும் லின்வாலும் கரும்பலகையைத் தாங்கியோடு தூக்கிக் குறுக்கே வைத்து, அவளை அதன் பின்னால் உட்கார வைத்தார்கள். வகுப்பை லின்வால் நடத்துவதாக ஏற்பாடு. அவள் போன வாரம் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் பெரிய உடம்புக்காரர், தங்கச் சட்டமிட்ட கண்ணாடி. மகாராணியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். லின்வால், பாதிரியார் மெச்சும் இங்கிலீஷில் பிள்ளைகளை அழைத்தான். அந்த இங்கிலீஷைக் கேட்டதும் பிள்ளைகளுக்குத் தோல்வார் ஞாபகம் வந்தது. வாய்கள் மூடிக்கொண்டன. 'பேக்' தட்டுத்தடுமாறி முடிந்தது. டெஸ்ரின் ஜன்னலுக்குப் போகலாமா என்று கண்ணாலேயே கேட்டுப் பார்த்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

"ரன்," என்றான் லின்வால்.

மூன்று பேர் வந்தார்கள். வால் பிள்ளைகள் கைகோத்துத் தயாராக நின்றார்கள். கடைசி 'என்' திரும்பிப் பார்த்தான். அண்ணன் இல்லை. கிளென்ராய்க்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் உப்பி வீட்டில் படுத்திருந்தான். அட்டையையும் விடாமல் எடுத்துப் போயிருந்தான்.

"வால் வரட்டும், வரட்டும்," என்று லின்வால் அவசரப்படுத்தினான்.

வால் வரவில்லை. அண்ணன் வராமல் எப்படி வரும்? பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். லின்வாலுக்கு என்ன குறை என்றே புரியவில்லை. நெற்றி வியர்த்தது. பாதிரியார் இருமினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கடைசி 'என்' கீழுதட்டைப் பிதுக்கி, எல்லாப் பிள்ளைகளும் செய்வதைச் செய்தான். கரும்பலகையைப் பார்த்து, "டீச்சர்," என்று அழுதான்.

ஐசில்டா எழுந்தாள். பலகையைச் சுற்றிக்கொண்டு, வயிறு முன்னால் வர, நடந்து வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். அவன் தோளில் கை வைத்தாள்.

"நான்தான் அண்ணன் இன்னிக்கு. கதவப் புடிச்சிருக்கேன். வாடா வாலே, உள்ள வா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வால் குதித்துக்கொண்டு வந்து ஒட்டியது. அதற்குப் பிறகு யாரும் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இன்ஸ்பெக்டர் சொல் கொடுக்கக் கொடுக்க, எழுத்துகள் ஓடி வந்து சேர்ந்தன, விலகின, 'ஒய்' தன் அட்டையைத் திருப்பி 'ஐ' யானது. டெஸ்ரின் ஒருவழியாக ஜன்னலுக்குப் போனாள். ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஊர்ப் பேச்சிலேயே பதில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அவர் பார்வை ஐசில்டாவின் வயிற்றுக்கு வந்தது. அங்கிருந்து மோதிரமில்லாத கைக்குப் போனது. அங்கிருந்து ஜன்னலுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. படித்த மனிதர்.

"அற்புதமான முறை," என்றார், பாதிரியாரிடம். "யாரோட யோசனை இது?"

"எங்க லின்வாலோடது," என்றார் பாதிரியார்.

லின்வால் தன் பூட்ஸைப் பார்த்தான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. மாத முடிவில் சுற்று வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லாரையும் வரவழைக்கிறேன், நீங்கள் இதை அவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அவன் கையைக் குலுக்கினார். தலைமை ஆசிரியர் பதவி அந்தக் குலுக்கலிலேயே நிச்சயமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இடமில்லாத கூட்டம். திருவிருந்து நாள் என்பதால் பெண்கள் எல்லாரும் வெள்ளை. மிஸ் மெர்ட்டிலின் தொப்பியில் ஒரு மூட்டைப் பூ இருந்தது. ஐசில்டா மூன்றாவது வரிசையில், தன் அம்மா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பாதிரியார் அவள் பெயரைப் படித்தார். படிக்கும்போது குரலில் துக்கம் இருந்தது. மூன்று நாளைக்கு முன் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துச் சிரித்த அதே வாய்.

ஐசில்டா எழுந்தாள். வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். அவள் நின்றாள்.

"இன்னொரு பேரு இருக்கே, பார்சன். அதையும் படிங்க."

தொப்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. ஆர்மோனியத்தின் மேலிருந்த லின்வாலின் விரல்கள் கட்டையை அழுத்திவிட்டன. ஒரு சுரம் அநாதையாகக் கேட்டு நின்றது.

பாதிரியார் குரலைத் தாழ்த்தினார். "சகோதரி, உங்க எடத்துக்குப் போங்க."

"போறேன். பேர நான் சொல்லப்போறதில்ல. நீங்க யாரும் கேக்கவும் இல்ல. யாருன்னு அவருக்குத் தெரியும். நான் போய் உக்காந்து, பக்கத்துல எடம் விட்டு வைக்கறேன். அவரே நடந்து வரட்டும்."

அவள் நடந்தாள். தலையைக் குனியவில்லை. வாசல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். மெர்ட்டில் சொன்னது சரிதான். பலகை குளிர்ந்தது.

லின்வால் எழுந்திருக்கவில்லை. இசைத்தாளில் பக்கத்தைப் புரட்டினான்.

அப்போது முன் வரிசையில் அந்தப் பூ மூட்டை அசைந்தது. மெர்ட்டில் எழுந்து, பாவாடையை உதறிக்கொண்டு, நடுப்பாதையில் இறங்கினாள்.

"சகோதரி மெர்ட்டில், எங்க போறீங்க?" என்றார் பாதிரியார்.

"என் பழைய எடத்துக்கு, பார்சன். நான் இல்லாம அது என்ன கதியில கெடக்குன்னு பாக்கத்தான்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளும் எழுந்தாள். அவளுக்கு அடுத்தவள் தன் முதல் பிள்ளைக்காக அந்தப் பெஞ்சில் ஒரு வருஷம் குந்தியிருந்தவள். அவளும் எழுந்தாள். டெஸ்ரினின் அம்மாவைப் புருஷன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.

"கைய எடு. நீயும் நானும் ஒண்ணாத்தானே காட்டுக்குப் போனோம். நான்தானே தனியா உக்காந்தேன்."

அவன் கையை எடுத்தான். அவ்வளவு தணிந்த குரலில் அவள் சொன்னது முன் வரிசை வரை கேட்டிருந்தது.

பின் பெஞ்சு நிறைந்தது. அதற்கு முந்தியதும் நிறைந்தது. இந்த ஊரில் எத்தனை பேர் அந்தப் பலகையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்பது அன்றைக்குத்தான் ஒட்டுமொத்தமாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. நெருக்கியடித்து, ஒருத்தி மடியில் ஒருத்தி பாதி விழுந்து உட்கார்ந்தார்கள். ஐசில்டாவின் கைக்கு அடியிலிருந்த இடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

பாதிரியார் பாட்டு எண்ணைச் சொன்னார். லின்வால் வாசித்தான். ஆண்கள் மட்டும் பாடினார்கள். எங்கள் ஆண்களுக்கு எந்தப் பாட்டிலும் முதல் வரிக்கு மேல் தெரியாது. மிச்சத்தை ஆர்மோனியம் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ரொட்டி முன் வரிசைகளோடு நின்றது.

"இத்தன வருஷமா அதத் தின்னு நான் கொழுத்தா போனேன்," என்றாள் மெர்ட்டில்.

திங்கட்கிழமை காலை புதுத் தலைமை ஆசிரியர் மணி அடித்தார். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் பாதிரியாரின் தம்பி மகள் புதுத் தோல்வாரோடு காத்திருந்தாள். அவள் முன்னால் மூன்று பிள்ளைகள்தான் இருந்தார்கள், அதில் ஒன்று அவள் சொந்தத் தங்கை.

மற்றவர்கள் மெர்ட்டில் வீட்டுப் பின்புறம், பிமென்டோ வாசனைக் காய் உலர்த்தும் சிமென்ட் களத்தில் இருந்தார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தாய்மார் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, களத்தில் விட்டுவிட்டு, வயலுக்குப் போய்விட்டார்கள். டெஸ்ரினின் அம்மா மட்டும் நின்று கேட்டாள்.

"பிரசவத்துக்கு அப்பறமும் நடத்துவீங்கதானே, டீச்சர்?"

"நடத்துவேன்."

"குழந்தைய நாங்க மாத்தி மாத்தித் தூக்கிக்கறோம். நீங்க வகுப்ப விட்டுடாதீங்க."

ஐசில்டா தலையை ஆட்டினாள். களம் பள்ளிக்கூடக் கரும்பலகையைவிடப் பெரிது. கரிக்கட்டையால் வேண்டிய அளவு எழுதலாம். மழை வந்தால் தானாக அழியும்.

பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து கண்டித்தார். வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பினார். களமும் வீடும் மெர்ட்டிலின் சொந்தம் என்பதால் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெண்கள் ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தார்கள். வந்து பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஆர்மோனியம் தனியாகப் பாடியது.

மாத முடிவு நெருங்கியது. ஒரு பிற்பகல் லின்வால் களத்தின் ஓரத்தில் வந்து நின்றான். சட்டை அதே வெள்ளை. முகம் மட்டும் சரியாகத் தூங்காத முகம். களத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். கன்னம் வற்றிய கிளென்ராய் அட்டையோடு ஓட்டத்துக்குத் தயாராக இருந்தான்.

"ஐசி, ஒரு நிமிஷம்."

அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கையமர்த்திவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லுங்க, சார்."

அந்தச் 'சொல்லுங்க' அவனுக்கு உறைத்தது.

"வர்ற திங்கக்கிழமை எல்லா ஊர் வாத்தியாருங்களும் வர்றாங்க. இன்ஸ்பெக்டரும். அந்த மூணு பிள்ளைங்கள வெச்சு முயற்சி பண்ணிப் பாத்தேன். வரல. எழுத்து ஏன் போவுது, ஏன் வருதுன்னு நான் சொன்னா அதுங்க அழுவுது." குரலைக் குறைத்தான். "பிள்ளைங்கள அனுப்பக்கூட வேண்டாம். எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடு. அது போதும். நான் கொஞ்ச நாள்ல எல்லாத்தையும்..."

"சொல்லித் தர்றதுக்கு என்ன, சார். இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லியே."

அவன் முகம் தெளிந்தது.

"ஞாயித்துக்கிழமை சபைக்கு வாங்க. பின் பெஞ்சுல உங்களுக்கு எடம் விட்டு வெச்சிருக்கேன். வந்து உக்காருங்க. ஆராதனை முடியறதுக்குள்ள முழுசும் சொல்லித் தர்றேன்."

"எல்லாரும் பாப்பாங்களே," என்றான் லின்வால்.

"ஆமா," என்றாள் ஐசில்டா. "பாப்பாங்க."

களத்துக் குடிசையின் நிழலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மெர்ட்டில் தலையைத் தூக்கவில்லை. "குளிருக்கு ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க, தலைமை வாத்தியாரே," என்றாள். "பழகற வரைக்கும் முதுகு ஜில்லுன்னு இருக்கும்."

அவன் போனான். ஐசில்டா பிள்ளைகளிடம் திரும்பினாள். "ரன்," என்றாள். கடைசி 'என்' கழுத்தைத் திருப்பி அண்ணனைக் கூவினான். கிளென்ராய் ஓடி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மழை. ஈரக் குடைகளை வைக்க இடமில்லாமல் பெண்கள் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சும் நிறைந்து, நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். அதில் ஒருத்தி நிறைமாதக்காரி.

"இங்க உக்காருங்களேன்," என்று தன் இடத்தைக் கொடுக்க எழுந்தாள் ஐசில்டா.

"நீங்களும் வாயும் வயிறுமாத்தான் இருக்கீங்க, டீச்சர். உக்காருங்க. நான் நிக்கறேன்." நிறைமாதக்காரியின் கண் ஐசில்டாவின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் போனது. "அது அவருது."

முன்னால் லின்வால் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆர்மோனியத்தைத் திறந்தான். பாட்டு தொடங்கியது. பின் பெஞ்சில் அந்த ஓர் ஆள் அகலப் பலகை காலியாகவே இருந்தது. அத்தனை நெருக்கத்திலும் அதன்மேல் ஒருத்திகூடத் தன் ஈரக் குடையை வைக்கவில்லை.